பழைய பித்தளை டபராவா, புதுசா, எவர்சில்வரா? தினசரி காபிக்கு எதை வாங்கலாம்

எங்கள் வீட்டில் இப்போது காபி குடிக்க ஐந்து விதமான டம்ளரும் கப்பும் இருக்கின்றன. ஐந்தையும் மாற்றி மாற்றி, காலையும் மாலையும், ஆறு மாதத்துக்கு மேல் உபயோகித்துப் பார்த்துவிட்டேன். "அந்தப் பழைய கனமான டபரா செட் எங்கே கிடைக்கும், தேடி அலையலாமா, இல்லை கடையில் இருக்கிற புதுசே போதுமா" என்று சொந்தக்காரர்களும் ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

எனக்கு இந்த ஆசை வந்த இடம் தாத்தா வீடு, கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே காபி வந்த டம்ளர் வெளியே மஞ்சள், உள்ளே மங்கலான வெள்ளை. விளிம்பு வெளிப்பக்கமாக நன்றாக மடிந்திருக்கும், அண்ணாந்து ஊற்றிக்கொண்டால் ஒரு சொட்டு வழியாது. டபராவுக்குள் வைத்தால் டொக்கென்று கனமாக உட்காரும். அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும், கூடவே கல்யாணத் தேதி. பன்னிரண்டு செட் இருந்ததாம். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. எண்பதுகளில் தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் மொத்தத்தையும் எடைக்குப் போட்டு எவர்சில்வராக மாற்றிவிட்டார்கள். பாட்டியின் மேல் எனக்கு வருத்தமே இல்லை. இருபது பேர் சாப்பிடுகிற வீட்டில் புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளை தேய்த்த கை அவருடையது. துடைத்தாலே பளபளக்கிற பாத்திரம் வாசலுக்கு வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் பித்தளை இப்படித்தான் போனது, போனதில் பெரும்பகுதி உருக்குகிற உலைக்குப் போய்விட்டது. பழைய செட் அரிதாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

சரி, தேட ஆரம்பித்தால் எங்கே போவது? பழைய பாத்திரக் கடைகள்தான் முதல் இடம். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் பித்தளைப் பாத்திரக் கடைக்காரர்கள் சிலர் பழசை எடைக்கு வாங்கும்போது நல்லதாகத் தெரிவதை ஒதுக்கி வைப்பார்கள், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருட்களுக்கென்றே பேர் போனது, ஆனால் அங்கே டம்ளரும் டபராவும் ஜோடியாகக் கிடைப்பதுதான் கஷ்டம். டம்ளர் தனியாகக் கிடைக்கும், டபரா தனியாகக் கிடைக்கும், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தாது. என்னுடைய இரண்டு செட்டைச் சேர்க்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒன்றின் அடியில் யாரோ ஒருவரின் இனிஷியலும் "58" என்ற எண்ணும் இருக்கின்றன, முதல் எழுத்து தேய்ந்தே போய்விட்டது. அதைப் பாலிஷ் போட்டு எடுத்துத் தருகிறேன் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

பழசை வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று விஷயம். முதலில் கனம். பித்தளை என்றாலே கனம் என்று நினைக்கிறோம், ஆனால் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் அடர்த்தியில் அவ்வளவு வித்தியாசம் கிடையாது, ஒரு கன சென்டிமீட்டருக்குப் பித்தளை சுமார் 8.5 கிராம், எவர்சில்வர் சுமார் 8 கிராம். பழைய டம்ளர் கனக்கிறது என்றால் தகடு தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். மெல்லிய பித்தளை டம்ளர் பழசாகவே இருந்தாலும் கீழே விழுந்தால் ஒடுங்கிவிடும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். இரண்டாவது, அடிப்பக்கமும் ஒட்டுப் போட்ட இடமும். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கசிந்தால் பற்றவைத்துத் தருகிறேன் என்பார்கள், அந்தப் பற்றில் என்ன உலோகம் என்று நமக்குத் தெரியாது. மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்: உள்ளே இருக்கிற ஈயப்பூச்சு.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். காபி லேசான புளிப்புத் தன்மை உள்ளது, அதனால் உள்ளே ஈயம் பூசாமல் அதில் தினமும் குடிக்கக் கூடாது. இது பாட்டி காலத்து நம்பிக்கை மட்டும் இல்லை. 1955-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளிலேயே, ஒழுங்காக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் உணவுக்கு ஆகாது என்று எழுதியிருந்தது.

இங்கேதான் நம் மொழியே ஒரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. ஈயம் என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகத்துக்கும் சொல்கிறோம். வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. ரசம் வைக்கிற ஈயச்சொம்பும், பாத்திரத்துக்கு உள்ளே பூச வேண்டியதும் வெள்ளீயம். காரீயம் விஷம், குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். காரீயம் விலை மலிவு, வெள்ளீயம் அதைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் கலப்படம் செய்கிற ஆசை எப்போதும் உண்டு. பழைய டம்ளரில் ஏற்கெனவே இருக்கிற பூச்சு எதனால் ஆனது என்று பார்வையில் சொல்லிவிட முடியாது. என் முடிவு இதுதான்: பழசு வாங்கினால், பூச்சு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிய பிறகே காபி ஊற்ற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. பித்தளையிலேயே கொஞ்சம் காரீயம் கலந்திருப்பதும் உண்டு என்பதால், சின்னக் குழந்தைக்குப் பால் கொடுக்க இதை எடுக்காதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஈயம் பூசுகிறவர். உண்மையில் டபராவைவிட இவரைத் தேடுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. முன்பெல்லாம் தெருவிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள், வேப்பமரத்தடியில் குழி தோண்டி, துருத்தி வைத்து, தெரு மொத்தத்துக்கும் பூசிவிட்டுப் போவார்கள். எனக்கு விசாரித்து விசாரித்துக் கிடைத்தவர் ஒரு பாய், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் உட்கார்ந்து வருஷத்தில் சில மாதம் மட்டும் பூசுகிறார். போனவுடன் நான் கேட்ட முதல் கேள்வியே, "பாய், வெள்ளீயம்தானே?" அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து விரல் தடிமனில் ஒரு குச்சியை எடுத்து, என் காதுப் பக்கம் வைத்து, மெதுவாக வளைத்தார். கறுக் கறுக்கென்று, காய்ந்த சுள்ளி நொறுங்குகிற மாதிரி உள்ளுக்குள்ளிருந்து ஒரு சத்தம். "கேட்டுச்சா தம்பி? சுத்தமான வெள்ளீயம் அழும். காரீயம் அழாது" என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், உண்மைதான். வளைக்கும்போது வெள்ளீயத்தின் படிகங்கள் சட்டென்று திசை மாறுவதால் வருகிற சத்தம் அது, மேல்நாட்டு உலோகவியல் புத்தகங்களிலும் அதற்கு அழுகை என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

பூசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மணலும் துணியும் வைத்து உள்பக்கத்தைக் காலால் திருகித் திருகித் தேய்த்தார், டபராவுக்குக் கால், டம்ளருக்குக் கை. கரியில் காட்டிச் சூடேற்றி, ஈயம் ஒட்டுவதற்கான நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை போட்டதும் வெள்ளைப் புகை குபுக்கென்று கிளம்பியது, மூக்கில் ஏறுகிற காரம். அந்தப் புகைக்குள்ளேயே ஈயக்குச்சியை உள்சுவரில் ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் ஒரு சுற்று. கண் மூடித் திறப்பதற்குள் மஞ்சள் சுவர் முழுக்க வெள்ளியாகிவிட்டது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் இவ்வளவு சுலபமாகப் பரவுகிறது. அதே காரணத்துக்காகத்தான் ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். டம்ளரில் மிச்சக் காபியை அப்படியே அடுப்பில் வைத்துச் சுட வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி எல்லோரும் சொல்கிற அந்த ஒரு விஷயம்: பித்தளையில் காபி ரொம்ப நேரம் சூடாக இருக்கும். நானும் அப்படித்தான் நம்பினேன். சமையலறைத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை, கணக்குப் போட்டாலும் வரவில்லை. 200 கிராம் எடையுள்ள டம்ளர் 30 டிகிரியில் இருக்கும்போது அதில் 85 டிகிரியில் 150 மில்லி காபியை ஊற்றினால், டம்ளர் சூடேறுவதற்கே காபியிலிருந்து ஏறத்தாழ 6 டிகிரி போய்விடும். 70 கிராம் மெல்லிய எவர்சில்வர் டம்ளர் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக, கனமான டம்ளரில் ஊற்றிய முதல் நிமிஷமே காபி கொஞ்சம் ஆறித்தான் இருக்கும். இதற்குப் பழைய வீடுகளில் வழி இருந்தது, டம்ளரை வெந்நீரில் அலசிவிட்டுத்தான் டிகாக்‌ஷன் ஊற்றுவார்கள். அதைச் செய்தால் இந்தக் குறை போய்விடுகிறது. மற்றபடி காபி ஆறுவது பெரும்பாலும் மேல்பரப்பிலிருந்து ஆவியாகப் போவதால்தான். டம்ளர் ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருப்பதால் அதில் சூடு நிற்கிறது, டபரா அகலமாக இருப்பதால் அதில் ஆறுகிறது. அந்த வடிவம் எந்த உலோகத்தில் இருந்தாலும் இதேதான்.

பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் கையில் தெரிகிற வித்தியாசம் வேறு. பித்தளை எவர்சில்வரைவிட ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் பித்தளை டம்ளரில் காபி முக்கால்வாசிதான் இருந்தாலும் விளிம்பு வரை சுடும். எவர்சில்வரில் காபி மட்டத்துக்கு மேலே இருக்கிற விளிம்பு கொஞ்ச நேரத்துக்காவது பிடிக்கிற சூட்டில் இருக்கும். விரல் பழகாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. என் மாமியார் பித்தளையில் குடிக்க ஆசைப்பட்டு, இரண்டு நாள் முந்தானையால் பிடித்துக் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் எவர்சில்வருக்கே போய்விட்டார்.

அப்படியானால் பித்தளையில் என்னதான் இருக்கிறது என்று கேட்டால், ஆற்றும்போது கையில் கிடைக்கிற அந்தக் கனம்தான். டபராவிலிருந்து டம்ளருக்கு ஒரு முழம் உயரத்தில் ஊற்றும்போது, தூக்கிப் பிடித்த கையும் தாழ்த்திப் பிடித்த கையும் அசையாமல் நிற்க அந்தக் கனம் உதவுகிறது. நுரை சத்தமில்லாமல் ஏறுகிறது. கடைசி வாய் வரை டம்ளர் கையில் நன்றாக நிற்கிறது. காபியின் ருசி மாறுகிறதா என்று என்னைக் கேட்டால், நல்ல ஈயப்பூச்சு இருந்தால் மாறவில்லை என்றே சொல்வேன். காலை ஐந்தரை மணிக்கு அதைக் கையில் எடுக்கிற சந்தோஷம் எனக்குப் போதும், அதற்காக ஒரு வருஷம் தேடியதும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

புதுப் பித்தளை செட்டுக்கு வருவோம். பழசுக்கு அலைய நேரம் இல்லாதவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள், நானும் முதலில் வாங்கினேன், ஆன்லைனில், கும்பகோணம் என்று பேர் போட்ட பெட்டியில். வந்தபோது கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. உள்ளேயும் அதே மஞ்சள். ஈயம் பூசவில்லை என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாரத்தில் உள்ளே அடியில் கறுப்பு வட்டம் விழுந்தது, வெளியே திட்டுத் திட்டாகத் தோல் உரிகிற மாதிரி ஏதோ வந்தது. கறுக்காமல் இருக்க மேலே அடித்திருந்த கண்ணாடி வார்னிஷ் அது. அலமாரியில் அழகுக்கு வைக்கிற பித்தளைச் சாமான்களுக்கு அடிப்பதைச் சூடான காபி ஊற்றுகிற டம்ளருக்கும் அடித்திருக்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டபோது தேதி முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதைப் பாயிடமே கொண்டுபோய், வார்னிஷை எரித்து எடுத்து, ஈயம் பூசி, இப்போது விருந்தாளிகளுக்கு உபயோகிக்கிறோம். தகடு மெல்லிசுதான், ஆனால் மோசமில்லை.

அதனால் புதுசு வாங்குகிறவர்கள் கடைக்கு நேரில் போய் வாங்குங்கள். பித்தளை எடைக்குத்தான் விலை, தராசில் வைக்கச் சொல்லி ஒரு டம்ளரின் எடையைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் ஈயமா, வெறும் நிக்கல் முலாமா என்று கேளுங்கள். ஈயம் சற்று மங்கலாக, துடைத்த தடம் சுற்றிச் சுற்றித் தெரியும்படி இருக்கும். கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

எவர்சில்வரைப் பற்றி எழுதும்போது மனசார ஒன்று சொல்ல வேண்டும். பழசின் மேல் ஆசை வைத்தவர்கள் பலர் எவர்சில்வரைக் கேவலமாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. புளிப்புக்கு அசையாது, பூச்சு வேண்டாம், விழுந்தால் உடையாது, எந்தச் சோப்பும் போதும். தமிழ்நாட்டில் இன்றைக்கு வீட்டிலும் ஹோட்டலிலும் குடிக்கிற ஃபில்டர் காபியில் பெரும்பகுதி எவர்சில்வர் டபராவில்தான் வருகிறது, நல்ல காபி அதிலும் நல்ல காபிதான். வாங்கும்போது 304 அல்லது 18/8 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள், 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று அர்த்தம். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று கடைகளில் சொல்வார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. தடிமனான தகட்டில் செய்த டபரா செட் எவர்சில்வரிலேயே கிடைக்கிறது, பாத்திரக் கடைகளில் எடைக்குத் தருகிறார்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அதை வாங்கினால் பித்தளையின் கனத்தில் முக்கால்வாசி வந்துவிடும். இரட்டைச் சுவர் டம்ளரும் உண்டு, வெளியே சுடாது, ஆனால் அடைப்புக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் குலுக்கும்போது சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், எங்கள் வீட்டில் இரண்டு அப்படிப் போயிற்று.

வெண்கலம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். செம்பும் வெள்ளீயமும், நூற்றுக்கு ஏறத்தாழ 78, 22 என்ற கணக்கில். நம் ஊரில் வெண்கலப் பானையில் பொங்கல் வைப்பது தெரிந்ததுதான், கேரளத்தில் மான்னார் இந்த வார்ப்பு வேலைக்குப் பேர் பெற்ற ஊர். ஈயம் பூசாமலே புழங்குகிறார்கள், தட்டினால் கணீரென்று நீளமாகச் சத்தம் வரும், பித்தளையை வெண்கலம் என்று விற்றால் அந்தச் சத்தத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் கல்தரையில் விழுந்தால் விரிசல் விடும் உலோகம் இது. காலையில் அரைத் தூக்கத்தில் எடுக்கிற சாமானுக்கு எனக்குத் துணிவு வரவில்லை, விலையும் அதிகம். வெள்ளி டம்ளர் இருக்கிறவர்கள் விசேஷத்துக்கு எடுங்கள், விளிம்பு சுடுவதில் எல்லாவற்றையும் மிஞ்சிவிடும்.

காரைக்குடியில் தேடும்போது என் கண்ணில் பட்டது இனாமல் மக். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த, ஸ்வீடன் நாட்டுக் கோக்கும்ஸ் கம்பெனியின் இனாமல் சாமான்கள் அந்தத் தெருவில் இன்னும் கிடைக்கின்றன, அந்த நீலமும் இளம்பச்சையும் இத்தனை வருஷம் கழித்தும் மங்கவில்லை. ஒரு வெளிர்நீல மக் வாங்கினேன், கறுப்புக் காபிக்கு அருமையாக இருக்கிறது. இனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி, அதனால் ருசியில் எதுவும் கலக்காது. ஓரத்தில் உதிர்ந்திருந்தால் மட்டும் வாங்காதீர்கள், அடியில் துரு ஏறும். முன்பு சொன்ன 1955 விதியிலேயே உதிர்ந்து துருப்பிடித்த இனாமலும் கூடாது என்றுதான் இருந்தது. பால் காபியை இதில் ஆற்ற முடியாது என்பதால் டபராவுக்கு இது பதிலாகாது. பீங்கான் மக்குக்கும் அதே பதில்தான், அதோடு பெரும்பாலானவை 300 மில்லிக்குச் செய்தவை, நம் 150 மில்லி காபி அதில் பாதியில் நின்று சீக்கிரம் ஆறிப்போகிறது.

இவ்வளவையும் வைத்து என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் ஊரில் ஈயம் பூசுகிறவர் இருக்கிறாரா என்றுதான். தினம் இரண்டு வேளை புழங்கினால் பூச்சு என்றைக்கும் நிற்காது, என் டம்ளரில் ஒன்பதாவது மாதம் அடியில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. ஆள் இல்லை என்றால் எவ்வளவு நல்ல பழைய செட் கிடைத்தாலும் கடைசியில் அது ஷோகேஸுக்குத்தான் போகும், அப்படிப்பட்டவர்கள் கனமான எவர்சில்வர் வாங்கிச் சந்தோஷமாகக் குடியுங்கள். ஆள் இருக்கிறார், உள்பக்கத்தைக் கம்பி நார் போடாமல் மெல்லிய துணியால் கழுவவும் வெளியே மட்டும் புளி போட்டுத் தேய்க்கவும் வீட்டில் யாராவது இருக்கிறார்கள் என்றால், தயங்காமல் பழசைத் தேடுங்கள். புதுசில் ஈயம் பூசியது நல்ல எடையில் கிடைத்தால் அதுவும் சரியே, ஐம்பது வருஷம் கழித்து அதுவும் பழசுதான்.

எங்கள் வீட்டில் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் எவர்சில்வர். எனக்கும் என் மனைவிக்கும் அந்த இரண்டு பழைய செட். பாய் தை மாதம் மறுபடி சந்தில் உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறார், கூடவே அவர் பேரன் ஒருவன் துருத்தி பிடிக்க வருகிறானாம். எங்கள் இரண்டு டம்ளரோடு, அக்கம்பக்கத்தில் பரணில் கிடக்கிற பித்தளையையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை பதினான்கு சாமான் சேர்ந்திருக்கிறது.